கோஷியெனில் ஒரு மணிவிழா

மே 16 – ஒசாகா

பிற்பகலிலிருந்தே மழை. நாளை இரண்டு மணிக்குக் கோஷியென் ஸ்டேடியத்தில் ஹான்ஷின் டைகர்ஸுக்கும் ஹிரோஷிமா கார்ப்புக்கும் பேஸ்பால் ஆட்டம். கோஷியெனுக்குக் கூரை கிடையாது. பேட் பிடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட்டைச் சுற்றியுள்ள இருக்கைகளுக்கு மேல் மட்டும் ‘கின்சான்’ என்கிற வெள்ளி நிறத் தகட்டுக் கூரை நீண்டிருக்கும். ரசிகர் படை உட்காருகிற, அதற்கு எதிர்க்கோடியிலுள்ள வெளிக்களப் படிகள் வெட்டவெளி. அதனால் டைகர்ஸ் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் போனில் மழை வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாளை ஆட்டத்தோடு ஒரு பிறந்தநாளும் இருக்கிறது. கொண்டாடப்படுகிறவரைக் கூட்டாளிகள் ‘தாய்ச்சோ’ என்றே கூப்பிடுகிறார்கள், தலைவரே என்கிற மாதிரி. அவருக்கு அறுபது நிறைகிறது. நம்மிடம் மணிவிழா என்றால் ஜப்பானில் ‘கான்ரெகி’. பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணுவதுபோல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. பிறந்த ஆண்டு திரும்பி வருகிறது, மனிதர் மறுபடி குழந்தையாகிறார் என்பது கணக்கு. எனவே குழந்தைக்குப் போடுவதுபோலச் சிவப்பில் கையில்லாத ஒரு மேல்சட்டையும் தொப்பியும் அணிவிப்பார்கள். மேல்சட்டைக்குச் ‘சான்சான்கோ’ என்று பெயர்.

கோஷியெனும் இதே சுழற்சியில் பிறந்த ஸ்டேடியம். 1924 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறந்தார்கள். அது சுழற்சியின் முதல் ஆண்டு. ஆண்டின் பெயரையே ஸ்டேடியத்துக்கும் வைத்தார்கள். 1984இல் ஸ்டேடியத்துக்கு அறுபது நிறைந்தது. மறு ஆண்டே டைகர்ஸ், நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஜப்பான் சீரிஸை முதன்முறையாக வென்றது. அறுபது தாண்டினால் நல்லது நடக்கும் என்று தாய்ச்சோவின் கூட்டம் உறுதியாக நம்ப இது போதும்.

சிக்கல் நிறத்தில். சிவப்பு என்றால் ஹிரோஷிமா கார்ப். அமெரிக்கரான ஜோ லட்ஸ் மேனேஜராக வந்த 1975இல்தான் அவர்கள் தொப்பி சிவப்பானது, அதே ஆண்டு முதல் லீக் பட்டமும் கிடைத்தது. கோஷியெனின் வலது வெளிக்களப் படிகள் முழுக்க டைகர்ஸ் ரசிகர்களுக்கானவை. அங்கே எதிரணிச் சீருடையும் பொருட்களும் கூடாது என்பது விதி. கான்ரெகி சிவப்பில் சின்னமோ எழுத்தோ இல்லைதான். ஆனாலும் கார்ப் ஆடுகிற நாளில் தலையிலிருந்து இடுப்பு வரை சிவப்பாக ஒருவர் அங்கே நின்றால் ஆயிரம் கண் திரும்பும். சிவப்பைக் கைவிட வீட்டம்மா சம்மதிக்கவில்லை. சிவப்பு தீட்டையும் நோயையும் தள்ளி வைக்கும் நிறம், அறுபதில் அதுதான் வேண்டும் என்பது அவர் வாதம். கடைசியில் இருபக்கமும் போடக்கூடிய சான்சான்கோ ஒன்று தைத்திருக்கிறார்கள்: உள்ளே சிவப்புப் பட்டு, வெளியே மஞ்சள் பருத்தியில் கறுப்பு வரிகள். பட்டு வழுக்கும் என்பதால் தோள்பட்டையிலும் ஓரங்களிலும் இரட்டைத் தையல். உள்ளே பஞ்சு கிடையாது. குளிர்காலத்துக்கான பஞ்சுச் சட்டையை மே மாத வெயிலில் நான்கு மணி நேரம் போட்டுக்கொண்டு கத்த முடியாது.

மாலையில் ஒசாகாவின் கேளிக்கைப் பகுதியான டோடோன்போரி. எபிசு பாலத்தில் நின்றால் கீழே அந்தக் கால்வாய். 1985 அக்டோபரில் டைகர்ஸ் லீக் பட்டம் வென்ற இரவு ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயராகக் கூப்பிட, அவர் சாயலில் இருந்த ஒருவர் தண்ணீரில் குதித்தார். அமெரிக்க ஆட்டக்காரர் ராண்டி பாஸின் முறை வந்தபோது தாடி வைத்த வெள்ளைக்காரர் யாரும் இல்லை. பக்கத்து கேஎஃப்சி கடை வாசலிலிருந்த கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதன்பின் வந்த நீண்ட தோல்விக் காலத்துக்குக் கர்னலின் சாபம் என்று பெயர் வந்தது. சிலை 2009 மார்ச்சில் சேற்றிலிருந்து கிடைத்தது. ஆனால் அடுத்த ஜப்பான் சீரிஸ் வெற்றிக்கு 2023 நவம்பர் 5 வரை, 38 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று மேனேஜராக இருந்த ஒகாதா அகினோபு 1985 அணியில் ஆடியவர். அந்த ஆண்டு ஏப்ரல் 17இல் இதே கோஷியெனில் யோமியூரி ஜயன்ட்ஸின் மகிஹாராவுக்கு எதிராகப் பாஸ், ககெஃபு, ஒகாதா மூவரும் அடுத்தடுத்து நடுப்பக்கத் திரையை நோக்கி, சுவரைத் தாண்டி விழுகிற ஹோம் ரன் அடித்தார்கள். ஒசாகாவில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்த ரசிகரிடமும் அந்த மூன்று அடிகளின் வரிசையைக் கேட்டுப் பார்க்கலாம், மூச்சு விடாமல் சொல்வார்கள்.

இரவு ஷின்செகாயில் குஷிகாட்சு. குச்சியில் குத்தி ரொட்டித்தூள் பூசிப் பொரித்தது, ஒரு குச்சி 150 யென்னிலிருந்து. 100 யென் என்பது நம் ரூபாயில் 55 முதல் 60 என்று வைத்துக்கொள்ளலாம். தாமரைக் கிழங்கு, கத்திரிக்காய், வெங்காயம், கருணை போன்ற நாகைமோ எல்லாம் உண்டு. ஆனால் மாவில் முட்டை இருக்கும், எண்ணெயும் இறைச்சி பொரித்த அதே எண்ணெய். சைவம் கடைப்பிடிப்பவர்கள் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். பொதுக் கிண்ணத்துச் சாஸில் கடித்த குச்சியை இரண்டாவது முறை முக்கக் கூடாது. சாஸ் போதாவிட்டால் இலவசமாகத் தரும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். தொற்றுக்காலத்துக்குப் பிறகு பல கடைகள் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பீச்சும் பாட்டில் வைத்துவிட்டன.

பத்து மணிக்கு மழை விட்டது.

மே 17, காலை – உமெதா

வானம் வெளுத்துவிட்டது. பதினொன்றரைக்கெல்லாம் ரயில் ஏற வேண்டும் என்பதால் காலை முழுக்கச் சாமான் சேர்க்கும் வேலை. பத்துப் பேர் கூட்டத்துக்குத் தேவைப்பட்டதை அப்படியே சொல்கிறேன்; வேறு யாராவது போனாலும் உதவும்.

ஆளுக்கு ஒரு ஜோடி மெகாஃபோன். மஞ்சளும் கறுப்புமாக, முழங்கை நீளத்துக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் குழல்கள்; ஒன்றோடொன்று தட்டினால் தாளம், வாயில் வைத்தால் ஒலிபெருக்கி. மெல்லிய பிளாஸ்டிக்கில் வருகிற மலிவானவை ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் விளிம்பில் விரிசல் விடும். விளிம்பு தடிமனாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பெரிய குப்பைப் பை: பாதியை வெட்டி ஈரப் படியில் விரிக்கலாம், மீதியில் பையைப் போட்டு முடிச்சுப் போட்டு வைக்கலாம். மழைக்குப் பிளாஸ்டிக் மேலங்கி. இருக்கையில் குடை விரிக்கக் கூடாது, பின்னால் இருப்பவர் கண்ணை மறைக்கும், கம்பி குத்தும். கழுத்துக்கு ஒரு துண்டு. தொண்டைக்கு மிட்டாய், அதுவும் ஆட்டத்துக்கு முன்பே.

தின்பதற்கு இகாயாகி. ஹான்ஷின் டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தளத்தில் வரிசையில் நின்று வாங்குவது உமெதா வழக்கம். கணவாய்த் துண்டு கலந்த மாவைச் சூடான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அழுத்திச் சில நிமிடத்தில் மடித்துத் தருகிறார்கள். 200 யென்னைச் சுற்றித்தான் விலை. ஒசாகாவில் இந்த விலைக்கு இதைவிட நல்ல சிற்றுண்டி இல்லை. சைவத்துக்கு உமேபோஷி என்கிற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த ஒனிகிரிச் சோற்று உருண்டையும், எடமாமே என்கிற அவித்த பச்சை சோயாவும் பெரும்பாலும் பாதுகாப்பானவை. இனாரி சுஷி, அதாவது தோஃபுப் பைக்குள் அடைத்த சோறு, பார்க்கச் சைவம், ஆனால் அந்தப் பையை வேகவைக்கிற சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும்.

கேக்குக்குத்தான் பெரிய யோசனை. ஸ்டேடியத்தில் தீ கூடாது, ஆகவே மெழுகுவர்த்தி இல்லை. கத்தியும் கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் ஒரு பெண்மணி சொன்ன வழிதான் நிறைவேறியது: ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவுருண்டையான தாகோயாகி, பத்து உருண்டை கொண்ட தட்டு ஆறு, மொத்தம் அறுபது உருண்டை, ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்திக்குப் பதில் ஒரு பல்குச்சி. தாகோயாகியைச் சூட்டோடு மூடினால் ஆவியில் தோல் ஊறிக் குழைந்துவிடும். அதனால் கடைக்காரரிடம் சாஸும் மயோனைஸும் தனியாகக் கட்டச் சொல்லி, மூடியை ஒரு விரல் திறந்து ரப்பர் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்கள். காட்சுவோ மீன் சீவலும் தனிப் பொட்டலம், காற்றில் பறக்கும்.

உமெதாவிலிருந்து கோஷியெனுக்கு ஹான்ஷின் ரயிலில் கால் மணி நேரம் போதும், கட்டணம் 300 யென்னுக்குள். திரும்பி வருவதற்கான பணத்தையும் இப்போதே கார்டில் ஏற்றிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அந்த ஒரே நிலையத்துக்கு வருவார்கள். அப்போது கார்டில் காசில்லாமல் கதவு மூடிக்கொண்டால் பின்னால் நிற்கிற வரிசை முழுக்க நின்றுபோகும்.

மே 17, மதியம் – கோஷியென்

நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரே ஐவிக் கொடி படர்ந்த வெளிச்சுவர். புதுப்பிப்பு வேலைக்காக 2000களில் பழைய கொடியை வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு புதிதாக நட்டது இது. வாசலில் பை சோதனை. கேனும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே போகாது. தூக்கி எறியச் சொல்ல மாட்டார்கள். காகிதக் கோப்பை தருகிறார்கள், அதில் ஊற்றிக்கொண்டு போகலாம். ஆறு தட்டையும் எட்டிப் பார்த்த சோதனைக்காரர் பல்குச்சிகளை எண்ணுகிற பாவனையில் விரலை ஆட்டிவிட்டு, “ஒமெதெத்தோ கொசாய்மாஸ்”, வாழ்த்துகள், என்று தாய்ச்சோவுக்குத் தலை குனிந்தார். சான்சான்கோ மஞ்சள் பக்கம் வெளியே தெரிய அணிந்திருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரம் முன்னதாகப் போனதற்குப் பலன் மைதானப் பராமரிப்பைப் பார்க்க முடிந்தது. ஹான்ஷின் எங்கெய் என்கிற நிறுவனத்தின் ஆட்களுக்கு ஜப்பான் முழுக்க ரசிகர்கள் உண்டு. கோஷியெனின் உள்களத்தில் புல்லே இல்லை, முழுக்கக் கறுப்பு மண். கருமண்ணில் மணல் கலப்பார்கள். மழை அதிகமுள்ள இளவேனிலில் நீர் இறங்குவதற்காக மணல் கூடுதல். கோடையில் பந்து கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்காகக் கருமண் கூடுதல். நேற்றைய மழைக்கு பந்து வீசுகிற மேட்டையும், ஓடுகிறவர் தொட வேண்டிய பேஸ்களையும் மூடியிருந்ததை எடுத்து, ஈரம் தங்கிய இடத்தைக் கிளறிக் காயவிட்டு, சேறாய் நின்ற இடத்தில் புதுமண் போட்டு, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக இழுத்தார்கள். இழுக்கும் திசையை மாற்றுவதும் கணக்குதான். ஒரே பக்கமாக இழுத்தால் மண் ஓரத்தில் குவிந்து நடுவில் பள்ளமாகும், அடுத்த மழையில் அங்கே குளம் கட்டும். 2017 அக்டோபரில் கொட்டுகிற மழையில், சேற்றிலேயே ஒரு பிளேஆஃப் ஆட்டம் நடந்து முடிந்ததை ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள், பாதி பேச்சு இந்தப் பராமரிப்பாளர்களைப் பற்றித்தான்.

வெளிக்களப் படிகளில் டிக்கெட் சுமார் 2,500 யென். பின்முதுகு சாயாத குறுகிய இருக்கை. எங்கள் வரிசை இன்னும் ஈரம். முன் வரிசையிலிருந்த ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து தன் செய்தித்தாளைப் பிரித்து எட்டுப் பேருக்கு இருக்கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நன்றி சொன்னதற்கு மெகாஃபோனை ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியில் எப்படிக் கத்துவது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே கூச்சல் கண்டபடி நடப்பதில்லை. சேப்பாக்கத்தில் எந்தப் பந்துக்கும் யார் வேண்டுமானாலும் விசில் அடிக்கலாம். கோஷியெனில் டைகர்ஸ் பேட் பிடிக்கும்போது மட்டும் இங்கே டிரம்பெட்டும் முரசும் கொடியும் எழும். கார்ப் பேட் பிடிக்கும்போது இந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். இடது மூலையில் அவர்களுக்கு ஒதுக்கிய சின்னப் பகுதியின் முறை அது. சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, பேசுவது எல்லாம் அப்போது. இதைத் தெரியாமல் டைகர்ஸ் பேட் பிடிக்கையில் தட்டைப் பிரித்து வைத்தால் எல்லோரும் எழுந்து நிற்கிற நேரத்தில் மடியில் சாஸ் கொட்டும்.

‘ஓஎன்தான்’ என்கிற ரசிகர் படை முன்னால் நின்று நடத்துகிறது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு. அவர் பேட்டுடன் வரும்போது டிரம்பெட் அதை எடுக்கும். வரிகளைப் பாடி முடித்ததும் “கட்டோபாசே” என்று இழுத்து ஆட்டக்காரர் பெயரை மூன்று தட்டில் முடிக்க வேண்டும். ஓங்கி அடி என்று கேட்கிற அழைப்பு அது. பெயர் நீளமாக இருந்தாலும் மூன்று தட்டுக்குள் அடக்குவார்கள். ரன்னர் இரண்டாவது பேஸை எட்டினால் பாட்டு மாறிவிடும். ஆட்டக்காரர் பாட்டை விட்டுவிட்டு ‘சான்ஸ்’ பாட்டு. புதிதாக வருகிறவர் திணறுவது இந்த மாற்றத்தில்தான். பாட்டைப் பின்பற்ற முடியாவிட்டால் முரசைப் பார்த்து மெகாஃபோனை மட்டும் தட்டினால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தாளம் தவறித் தட்டினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

கார்ப் ரசிகர்கள் வேறு மாதிரி. அவர்கள் பாதிப் பேர் எழுந்து பாதிப் பேர் உட்கார்ந்து மாறி மாறிக் குந்தி எழுகிறார்கள், அந்தச் சிவப்பு மூலை முழுக்க. மூன்று மணி நேரம் இதைச் செய்வதற்குத் தொடையில் பலம் வேண்டும். நம்மவர்கள் வாய்விட்டுப் பாராட்டினார்கள், தாய்ச்சோ உட்பட.

பியர் விற்கும் பெண்கள் முதுகில் பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கும் பீப்பாயைச் சுமந்துகொண்டு இந்தச் செங்குத்துப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள், நிறைந்த நிலையில் மொத்தச் சுமை பதினைந்து கிலோவைத் தொடும். தொப்பியில் ஒரு பூ, தூரத்திலிருந்து அடையாளம் தெரிய. கை தூக்கினால் ஓடி வந்து, படியில் ஒரு முழங்காலை மடக்கி, வாங்குகிறவர் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கிக்கொள்கிறார். குழாய் வலது தோளின் மேலாக வரும். கோப்பையைச் சாய்த்து முக்கால் வரை ஊற்றி, நிமிர்த்தி, கடைசியில் நுரை மட்டும். இருபது வினாடிகூட ஆகவில்லை. பணத்தை வரிசையில் கைமாற்றி அனுப்பினால் மீதிச் சில்லறை அதே வழியில் குறையாமல் திரும்பி வரும். 800 யென்னுக்கு மேல். விலை அதிகம்தான், ஆனால் அந்தச் சுமையைப் பார்த்தபின் பேரம் நினைவுக்கே வராது.

கோஷியென் ‘கறி’ என்கிற குழம்புச் சோறும், குச்சியில் சுட்ட கோழியான யாகிதோரியும் ஸ்டேடியத்தின் பழைய பெயர்பெற்ற பதார்த்தங்கள். அந்தக் குழம்பு நம் நாக்குக்கு இனிப்பாக, மாவு சேர்த்துக் கெட்டியாக இருக்கும். கறிக்கடையில் மூன்றாவது இன்னிங்ஸ் முடிவில் வரிசை வாசல் வரை நீளும். முதல் இன்னிங்ஸில் கார்ப் பேட் பிடிக்கும்போதே போய்விடுவது நல்லது.

பிறந்தநாள் அழைப்பு மூன்றாவது இன்னிங்ஸ் இடைவேளையில். இதற்கு ஒரு முறை உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு பெட்டி மஞ்சூ இனிப்போடு ரசிகர் படைப் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லி வைத்திருந்தார்கள். படையின் முரசும் டிரம்பெட்டும் தனியார் கொண்டாட்டத்துக்குக் கிடையாது, கைத்தட்டலும் மெகாஃபோனும் மட்டும். இடைவேளை இரண்டு நிமிடத்தைச் சுற்றி இருக்கும். பந்து வீச்சாளர் கடைசிப் பயிற்சிப் பந்தை எடுக்கும்முன் முடித்துவிட வேண்டும். தட்டுகளைத் திறந்து அடுக்கினார்கள். “கட்டோபாசே, தாய்ச்-சோ!” பத்துப் பேர் தொடங்கியதை, இரண்டாவது சுற்றில் முன்னும் பின்னும் நான்கைந்து வரிசைகள் எடுத்துக்கொண்டன. 1985இலிருந்து வருகிறவராம், முழங்கால் வரை ஆட்டக்காரர் பெயர்களைத் தங்கநூலில் பின்னிய நீள அங்கி போட்ட ஓர் அம்மா, எழுபதைத் தாண்டியிருக்கும், படியேறி வந்து தாய்ச்சோவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அறுபது உருண்டையும் அந்த வட்டாரத்தில் கைமாறித் தீர்ந்தது. தோல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ருசி கெடவில்லை.

நான்காவதில் இடதுகைப் பேட்ஸ்மேன் ஒருவர் வலது பக்கம் உயர அடித்தார். படிகள் மொத்தமும் எழுந்தன. பந்து சுவருக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. இதுதான் ‘ஹமகாசே’, கடலிலிருந்து வலப்பக்கமாக இடப்பக்கத்துக்கு வீசுகிற காற்று. மூலைகள் 95 மீட்டர்தான் என்றாலும் சுவர் உடனே விலகிப்போய்ச் சந்துகளிலேயே 118 மீட்டர் ஆகிவிடுகிறது. ஹோம் ரன் பெருகட்டும் என்று 1947இல் உள்ளே ஒரு வேலி போட்டு ‘லக்கி ஸோன்’ என்றார்கள், 1991இல் எடுத்துவிட்டார்கள். இந்தக் காற்றையும் மீறி இடதுகை ஆட்டக்காரரான பாஸ் 1985இலும் 1986இலும் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம் பிடித்து மும்முடி வென்றார், 1986இல் அவர் சராசரி .389. அது இன்றும் ஜப்பான் சாதனை. அவர் பந்துகள் பெரும்பாலும் இடது பக்கம் காற்றோடு போனவை என்று தாய்ச்சோ கையை வீசிக் காட்டினார்.

ஏழாவதில் டைகர்ஸ் பாட்டு. 1936இல் கொசெகி யூஜி மெட்டமைத்தது. பரம எதிரியான ஜயன்ட்ஸின் பாட்டுக்கும் அவரேதான் மெட்டு என்பதை இந்தப் படிகளில் உரக்கச் சொல்ல வேண்டாம். முன்பு இந்த நேரத்தில் வாயால் ஊதிய நீளப் பலூன்களை ஆயிரக்கணக்கில் விடுவார்கள். 2020இல் தொற்று வந்ததும் அது நின்றுபோனது.

ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 2–2. ஜப்பானில் பன்னிரண்டுக்கு மேல் ஆட மாட்டார்கள். பன்னிரண்டாவதில் இரண்டு பேர் அவுட், ரன்னர் மூன்றாவது பேஸில், சான்ஸ் பாட்டு நான்கு முறை சுற்றியது. கடைசியில் இரண்டாவது பேஸ் பக்கம் உருண்ட ஒரு சாதாரணப் பந்து. சமநிலை. சமநிலையானால் வெற்றிப் பாட்டு கிடையாது, கை தூக்கிக் கோஷமிடும் பான்சாய் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு முன் காது கிழிந்த இடத்தில் எல்லோரும் குனிந்து தங்கள் காலடியிலிருந்த குப்பையைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மே 17, இரவு

ஆறரை ஆகிவிட்டது. இஸகாயா என்கிற மதுவும் உணவும் தரும் கடையில் பத்துப் பேருக்கு ஆறு மணிக்கு இடம் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு இன்னிங்ஸ் ஆட்டம் நான்கு மணி நேரத்தை எளிதாகத் தாண்டும் என்பது தெரிந்தும், டைகர்ஸ் சீக்கிரம் ஜெயித்துவிடும் என்கிற நம்பிக்கையில் போட்ட நேரம் அது. கடையில் இடம் போய்விட்டது. இரண்டு மணி ஆட்டத்துக்கு எட்டு மணிக்கு மேல்தான் பதிவு செய்ய வேண்டும். ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் நிலையத்தில் நெரிசல் வடிய முக்கால் மணி நேரம் வேண்டும், அதுவும் வீணாகாது.

அந்த இடைவெளியில் தாய்ச்சோவைத் தூக்கிப் போட்டார்கள். பட்டம் வென்றால் மேனேஜரைத் தூக்கிப் போடுவதுபோல, பேர் ‘தோஆகே’. ஸ்டேடியத்துக்குள் படிகளில் இதைச் செய்யக் கூடாது, சரிந்தால் உயிர்ப்பயம். பக்கத்தில் புல் உள்ள ஒரு சின்னப் பூங்காவுக்குப் போனார்கள். முதலில் அவர் கண்ணாடி, கைக்கடிகாரம், போன், சாவி, காலணி எல்லாம் கழற்றி ஒருவர் கையில். சான்சான்கோவை இப்போது சிவப்புப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். எழுபது கிலோவுக்கு எட்டுப் பேர்: தோள்பட்டைக்கு இருவர், இடுப்புக்கு நால்வர், தொடைக்கு இருவர். ஒன்பதாவது ஆள் தலைப்பக்கம் நின்று கழுத்தை மட்டும் பார்க்க வேண்டும், தூக்கக் கூடாது. எல்லோர் காலும் ஒன்றையடுத்து ஒன்று முன்பின்னாக. இறங்கும்போது முழங்கால் மடிய வேண்டும், இடுப்பு மடியக் கூடாது. நெஞ்சு உயரத்துக்கு மேல் போடக் கூடாது. பத்து வயதுக்கு ஒன்று என்று ஆறு முறை. தூக்கப்படுகிறவர் கைகளை விரித்தால் பக்கத்தில் நிற்பவர் மூக்கு உடையும், மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவதில் பட்டு வழுக்கி இடுப்புப் பக்கம் ஒரு கை நழுவியது. அந்த இரட்டைத் தையல் பிடித்துக்கொண்டது. தையல் பிரியவில்லை, ஆளும் விழவில்லை. பட்டுப் பக்கம் வெளியே வராமல் பார்த்திருக்கலாம், பருத்தி கையில் நன்றாகப் பிடிபடும்.

அந்த வழியாகச் சிவப்புச் சட்டையில் போன கார்ப் ரசிகர்கள் நால்வர் நின்று பார்த்தார்கள். கான்ரெகி என்று தெரிந்ததும் சிவப்பு சரியான நிறம்தான் என்று கைதட்டி, கடைசி இரண்டு முறைக்குத் தூக்கவும் வந்தார்கள். பிறகு எட்டரைக்கு வேறொரு கடையில் ஒட்டிக்கொண்டு உட்கார இடம் கிடைத்தபோது அவர்களும் இருந்தார்கள். வெற்றி இல்லாததால் பாடாத பாட்டை அங்கே பாடினார்கள், மூன்று சரணமும். பக்கத்து மேஜைக்காரர்கள் யாரும் சத்தம் என்று முகம் சுளிக்கவில்லை, இரண்டாவது சரணத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு 4,000 யென்னுக்குச் சற்று மேல். தாய்ச்சோ பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள், ஹிரோஷிமாக்காரர்களும் தங்கள் பங்கை வைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

மே 18 – நிஷினோமியா

யாருக்கும் குரல் இல்லை. நேற்று இரண்டு லிட்டர் தண்ணீராவது குடித்தவர்களுக்குக் காற்றாவது வருகிறது, பியரை மட்டும் நம்பியவர்களுக்கு அதுவும் இல்லை. கழுத்தின் பின்பக்கம் எல்லோருக்கும் வெயிலில் சிவந்திருக்கிறது. துண்டு இருந்தது, எழுந்து ஆடும்போது நழுவிவிட்டது. சட்டைக் காலருக்குள் செருகியிருக்க வேண்டும்.

கோஷியென் இருப்பது ஒசாகாவில் இல்லை, ஹியோகோ மாவட்டத்து நிஷினோமியா நகரில். இங்கே சாகே என்கிற அரிசி மது காய்ச்சும் தொழில் பழையது. ‘மியாமிசு’ என்கிற கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். 1840 வாக்கில் ஒரு காய்ச்சும் குடும்பத்தார் தங்களுடைய இரண்டு ஊர் ஆலைகளில் நிஷினோமியாவில் காய்ச்சியது மட்டும் நன்றாக வருவதைக் கவனித்து, ஆளை மாற்றி, அரிசியை மாற்றிப் பார்த்து, கடைசியில் தண்ணீர்தான் என்று கண்டார்களாம். இரும்பு மிகக் குறைவு, அதனால் நிறமும் மணமும் கெடாது; பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதிகம், அதனால் ஈஸ்ட் வேகமாக வளரும். கடலோரக் காய்ச்சும் வீதிகளில் நடந்தால் சுவைத்துப் பார்க்கச் சின்னக் கிண்ணத்தில் சில நூறு யென்னுக்குக் கிடைக்கிறது. இனிப்பில்லாத, வெட்டிய மாதிரி முடிகிற ருசி. தொண்டை புண்ணாக இருக்கையில் அரைக் கிண்ணத்தோடு நிறுத்துவது நல்லது.

ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, ரசிகர்கள் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுவார்கள். தாய்ச்சோவின் வீட்டம்மா இன்று காலை ஒரு பலகை எழுதினார். கணவருக்கு நல்ல முழங்கால் வேண்டுமாம். அடுத்து, இடதுகை ஆட்டக்காரர்களுக்குக் காற்று குறைய வேண்டுமாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது கூட்டமாகப் போவதாக இருந்தால்: பத்துப் பேருக்கு வலது வெளிக்களத்தில் ஒரே வரிசை கிடைக்காது. முன்பின்னாக ஐந்து ஐந்தாக வாங்குங்கள். தட்டு கைமாறவும், ஒருவர் எழுந்து போக வழிவிடவும் அதுதான் வசதி. ஆகஸ்டில் போகாதீர்கள். அப்போது மேல்நிலைப்பள்ளிப் போட்டி நடப்பதால் டைகர்ஸ் வேறு ஊர்களில் ஆடிக்கொண்டிருக்கும். குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் கின்சான் நிழல் விழுகிற உள்களத்தில் வாங்குங்கள்; அங்கே பந்து பறந்து வருகிறது என்று ஊழியர் விசில் ஊதுவார், ஊதியதும் தட்டைப் பார்க்காமல் பந்தைப் பாருங்கள். கான்ரெகிச் சட்டை தைப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் பருத்தியிலேயே தையுங்கள்.